வாப்பா வழியில் ஒரு நாடு

பள்ளிக்கூடத்தில் எந்தப் படிவம் தந்தாலும் 'தகப்பனின் தொழில்' என்ற இடத்தில் நான் 'வெளிநாடு' என்று எழுதுவேன். வெளிநாடு ஒரு தொழில் இல்லை என்று ஒரேயொரு ஆசிரியை மட்டும் ஒரு தடவை சொன்னார். மற்றவர்களுக்கு அது போதுமாக இருந்தது. எங்கள் வகுப்பில் பாதிப்பேரின் தகப்பன்மார் சவூதியிலோ கட்டாரிலோ இருந்தார்கள். என்னுடையவர் லண்டனில் இருந்தார். வித்தியாசம் என்னவென்றால், அவர்களுடைய வாப்பாமார் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியோடு வந்து இறங்கினார்கள். என் வாப்பா, எனக்கு ஞாபகம் தெரிந்த பிறகு, என் ஏழு வயதில் ஒரே ஒரு தடவை வந்து, ஓலைக் கொட்டிலில் எங்களோடு பதினொரு நாள் இருந்துவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. கொஞ்சக் காலம் காசு வந்தது, பிறகு கடிதம் மட்டும் வந்தது, பிறகு அதுவும் இல்லை.

நாங்கள் மன்னார்ப் பக்கத்துச் சனம். தொண்ணூறில் வடக்கிலிருந்த எல்லா முஸ்லிம்களையும் போல எங்களையும் இயக்கக்காரர் ஊரைவிட்டு வெளிக்கிடச் சொன்னபோது எனக்கு நாலு வயது, தங்கச்சிக்கு ஒன்றரை. வாப்பா அப்போதும் லண்டனில்தான். உம்மா தனியாளாக எங்கள் இருவரோடும் வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டியில் வந்திறங்கி, கடைசியில் புத்தளத்துக் கரைத்தீவில் அகதிகளுக்கென்று ஒதுக்கிய ஒரு துண்டுக் காணியில் கொட்டில் போட்டாள். உப்புப் பக்கெட் கட்டுகிற இடத்தில் வேலைக்குப் போய் எங்களை வளர்த்தாள். அவளுடைய விரல் நுனிகள் உப்பில் வெடித்து, ஊசியில் நூல் கோர்க்கவும் எங்களைத்தான் கூப்பிடுவாள்.

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருஷத்தில் நான் மதுரங்குளிச் சந்தியில் ஒரு போட்டோ கொப்பிக் கடை வைத்திருந்தேன். கொப்பி எடுப்பது பெயருக்குத்தான். என் உண்மையான தொழில் படிவம் நிரப்புவது. கடவுச்சீட்டு, காணி, வீட்டுத்திட்டம், தொலைந்த அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் எழுத்துத் திருத்தம், எதுவென்றாலும் என்னிடம் வருவார்கள். சிங்களத்தில் கேட்டால் சிங்களத்தில் எழுதுவேன், இங்கிலிஷில் கேட்டால் இங்கிலிஷில்.

ஊர் உலகத்துக்கெல்லாம் படிவம் நிரப்பிய எனக்கு என் சொந்த முகவரியை எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. இங்கே வாக்காளர் இடாப்பில் பெயர் பதியப் போனால், "நீங்க மன்னார்தானே, அங்க திரும்பிப் போறவங்கதானே" என்றார்கள். மன்னாருக்குப் போய் எங்கள் காணியைக் கேட்டால், "நீங்க புத்தளத்துல வீடு வாசலோட இருக்கிறவங்கதானே" என்றார்கள். எங்கள் வீட்டு மதிலுக்குள் பாலை மரம் இரண்டாள் உயரம் வளர்ந்திருந்ததை வெளியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். இருபது வருஷம் இருந்த ஊரிலும் நான் அகதி, பிறந்த ஊரிலும் வந்தான் வரத்தான்.

அப்படியான ஒரு காலத்தில்தான் ஒரு பெடியன் ஒரு கட்டுக் கடதாசியோடு கடைக்கு வந்தான். கொழும்புக்குப் போகிற வழியில் நின்றவன். அவனுடைய தகப்பன் இங்கிலாந்துப் பிரஜை. இவன் பிறந்தது இங்கே. தகப்பன் வழியில் தானும் அந்த நாட்டுப் பிரஜை என்று சொல்லி பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறான். "விசா இல்ல நானா, பிரஜாவுரிமை. ஏற்கெனவே எனக்குச் சொந்தமானதுதான். போய்க் கேக்கிறது மட்டும்தான்" என்று என்னை அண்ணன் முறை வைத்துச் சொன்னான்.

இயந்திரத்தில் கடதாசி ஓட ஓட நான் விதிகளை வாசித்தேன். பிள்ளை பிறந்த நேரத்தில் தகப்பன் அந்த நாட்டுப் பிரஜையாக இருந்திருக்க வேண்டும். தகப்பனும் தாயும் சட்டப்படி கலியாணம் முடித்திருக்க வேண்டும். இந்த இரண்டும்தான். அவன் போன பிறகு, பிழையாக விழுந்த ஒரு கொப்பியை எடுத்து மடித்து சேர்ட் பொக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே உம்மாவிடம் கேட்டேன். அவள் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"உம்மா, உங்கட கலியாணக் கடதாசி எங்க?"

"ஏன்?"

"எனக்கு லண்டன் பாஸ்போர்ட் எடுக்கலாம். வாப்பா வழியால."

அவள் தண்ணீரை வடித்துவிட்டு நிமிர்ந்தாள். "கடதாசி அலுமாரிக்குள்ள இருந்தது. அலுமாரி மன்னார்ல இருந்தது. அந்த மனுஷன்ட கதைய இந்த வீட்டுல எடுக்காத மகன்."

அதற்கு மேல் அவளிடம் கேட்க முடியவில்லை. ஆகவே வாப்பாவின் ராத்தாவிடம், என் மாமியிடம் போனேன். அவரும் கரைத்தீவில்தான், எங்களிலிருந்து நாலு வளவு தள்ளி. வாப்பாவோடு இன்னும் கதைக்கிற ஒரே ஆள் அவர்தான். மாமிக்குத் தம்பி என்றால் உயிர்.

"அவன் கலியாணத்துக்கு வரக்குள்ளயே லண்டன் பாஸ்போர்ட்டோடதான் வந்தவன்" என்றார் மாமி. "கறுப்புப் புத்தகம். சிங்க முத்திரை போட்டது. நான் என்ட கண்ணால கண்டன்."

கலியாணத்துக்கு முன்பே என்றால் நான் பிறக்கும்போது நிச்சயமாக இருந்திருக்கிறது. முதலாவது விதி சரி. இனி இரண்டாவதுதான் என்று நினைத்தேன். அப்படி நினைத்து ஒரு வருஷத்தைத் தொலைத்தேன்.

கலியாணப் பதிவைத் தேடி மன்னார்ப் பக்கத்துப் பதிவுக் கந்தோருக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை அதைப் பார்க்கிறவர் லீவு. இரண்டாம் தடவை, பதிந்த பதிவாளரின் பெயர் தெரியாமல் தேட முடியாது என்றார். உம்மாவிடம் கெஞ்சிப் பெயரை வாங்கிக்கொண்டு மூன்றாம் தடவை போனபோது, ஒரு மணித்தியாலம் தேடிவிட்டு வந்து, "அந்த ஆளிட புத்தகங்கள் சிலது இருக்கு. உங்கட வருஷம் இல்ல" என்றார்.

"இல்லையெண்டா?"

"இல்லையெண்டா இல்ல தம்பி. யுத்தம் நடந்த இடம்தானே."

"அப்ப என்ட உம்மா கலியாணம் முடிக்கல்லையா?"

அவர் கோபப்படவில்லை. நல்ல மனிதர். புத்தகம் இல்லை என்று ஒரு கடிதம் தருகிறேன், கலியாணத்துக்குச் சாட்சி நின்ற யாராவது உயிரோடு இருந்தால் சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு வா என்றார்.

சாட்சி போட்டது இரண்டு பேர். ஒருவர் மௌத்தாகி விட்டார். மற்றவர் உம்மாவின் தூரத்துச் சொந்தம், தொண்ணூறுக்குப் பிறகு உச்சமுனையில் மீன்பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். கற்பிட்டிக்குப் போய் வள்ளம் பிடித்து அந்தத் தீவுக்குப் போனேன். மீன் வாடிக் குடிசைக்கு முன்னால் ஒரு வள்ளத்து இயந்திரத்தைக் கழற்றிப் பிரித்துப் போட்டு, கையெல்லாம் எண்ணெயோடு அதைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் இன்னாருடைய மகன் என்று உம்மாவின் பெயரைச் சொன்னதும் சிரித்தார். வாப்பாவின் பெயரைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"அவன்ட கடதாசிக்கா நான் கையெழுத்துப் போடணும்?"

"அவருக்கில்ல. எனக்கு."

"நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். "மாப்பிள்ளை கையெழுத்துப் போடக்குள்ள பேனை எழுதல்ல. என்ட பேனையத்தான் குடுத்தன். திருப்பித் தரல்ல."

சத்தியக்கடதாசி முடிக்கக் கற்பிட்டிக்கு வருவதாகச் சொன்ன நாளில் காற்று. அவர் வரவில்லை. அடுத்த கிழமை வந்தார். அன்று சமாதான நீதவான் ஒரு மையத்து அடக்கத்துக்குப் போயிருந்தார். அவர் வருவார் என்று நாங்கள் இரண்டு பேரும் பின்னேரம்வரை பள்ளிவாசல் மதிலில் குந்தியிருந்துவிட்டுத் திரும்பினோம். மூன்றாம் தடவைதான் காரியம் முடிந்தது. ஆனால் வாப்பாவின் பெயரில் ஓர் எழுத்து என் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு மாதிரியும் சத்தியக்கடதாசியில் வேறு மாதிரியும் விழுந்துவிட்டது. ஊருக்கெல்லாம் எழுத்துத் திருத்திக் கொடுக்கிற நான், என்னுடையதைக் கவனிக்கவில்லை. திரும்பவும் முதலிலிருந்து.

இனி வாப்பாவின் குடியுரிமைச் சாட்சிப் பத்திரம் வேண்டும். மாமி நம்பர் தந்தார். பின்னேரம் கடையைப் பாதி சாத்திவிட்டு எடுத்தேன். என் வாழ்க்கையில் நான் அவருக்கு எடுத்த முதல் கோல்.

"ஆரு?"

என் பெயரைச் சொன்னேன்.

பின்னால் வாகனங்கள் போகிற சத்தம் கேட்டது. "எந்த… பெரியவனா?" என்றார்.

நான் அவருடைய ஒரே ஆண்பிள்ளை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பெரியவன் என்றால் சின்னவன் ஒருவன் இருக்கிறான். அங்கே ஒரு குடும்பம் இருப்பது ஊரே அறிந்த விஷயம், ஆனால் அதை அவர் வாயால் அப்படிக் கேட்டது முதல் தடவை.

"ஓம், பெரியவன்" என்றேன்.

அழுதார். நான் எதிர்பார்க்கவில்லை. உம்மாவைப் பற்றிக் கேட்டார், தங்கச்சிக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார், மன்னார்க் காணியைப் பற்றிக் கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கென்ன மகன், அது உன்ட உரிமை. இந்தக் கிழமையே அனுப்புறன், இன்ஷா அல்லாஹ்" என்றார்.

"நான் பிறக்கக்குள்ள உங்களுக்குப் பிரஜாவுரிமை இருந்ததுதானே வாப்பா?"

"இருந்தது, இருந்தது."

அந்தக் கிழமை வரவில்லை. அடுத்த கிழமையும் இல்லை. கடதாசி வீட்டில் எங்கேயோ மேலே இருக்கிறது, ஏற முடியவில்லை, முழங்கால் நோவு என்றார். பிறகு நோன்பு வந்தது. பிறகு பெருநாள். ஒரு தடவை ஒரு பெண் எடுத்தாள், நான் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் தெருவில் நின்றுதான் கதைப்பார். "இங்க எனக்கும் ஒரு கஷ்டம் இருக்கு மகன், உனக்கு விளங்காது" என்பார். ஒவ்வொரு தடவையும் இன்ஷா அல்லாஹ். அந்தச் சொல்லைக் கேட்டால் பல்லைக் கடிக்கிற அளவுக்குக் கொண்டுவந்து விட்டார், அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

எட்டு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில் கைத்தொலைபேசியில் படம் வந்தது. கடையில் ஒரு மனுஷி மகளின் பரீட்சைச் சான்றிதழை ஆறு கொப்பி எடுக்கக் காத்திருந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாப்பாவின் பெயர், முத்திரை, கையெழுத்து. கீழே திகதி.

நான் பிறந்து ஐந்து மாதம் கழிந்த ஒரு திகதி.

வருஷத்தைப் பிழையாக வாசிக்கிறேன் என்று நினைத்து, படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. மாமி கண்ட கறுப்புப் புத்தகம் எங்கள் நாட்டுப் பாஸ்போர்ட். எங்கள் பாஸ்போர்ட்டிலும் சிங்கம்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தினமும் என் மேசையில் பத்துப் பாஸ்போர்ட் வந்து போகிறது. "மகன், என்ட கொப்பி" என்று அந்த மனுஷி இரண்டு தடவை சொன்ன பிறகுதான் கேட்டது. ஆறுக்குப் பதிலாக பத்துக் கொப்பி எடுத்துக் கொடுத்தேன்.

அவள் போன கையோடு வாப்பாவுக்கு எடுத்தேன்.

"நீங்கதானே சொன்னீங்க, நான் பிறக்கக்குள்ள இருந்தது எண்டு!"

"இருந்த மாதிரித்தான் மகன். அப்ளிக்கேஷன் போட்டிட்டுத்தான் இருந்தனான்."

"அப்ளிக்கேஷன் போட்டது கணக்கில்ல வாப்பா!"

"அஞ்சு மாசம்தானே" என்றார். "அதை அவன் பார்ப்பானா?"

அதைத்தான் பார்ப்பான். வேறெதையும் பார்க்க மாட்டான். எங்கள் உம்மா உப்பில் கை வெடித்ததைப் பார்க்க மாட்டான், நான் உச்சமுனைக்கு எத்தனை தடவை போனேன் என்று பார்க்க மாட்டான், இந்த மனிதர் எங்களைக் கைவிட்டுப் போனதையும் பார்க்க மாட்டான். திகதியைத்தான் பார்ப்பான். இதை அவரிடம் சொல்லவில்லை. வைத்துவிட்டேன்.

மனம் கேட்காமல், இந்த மாதிரிக் காரியங்கள் பார்க்கிற ஒரு சட்டத்தரணியைத் தேடிக் கொழும்புக்குப் போனேன். விடியவே பஸ் ஏறி, அவர் முன்னால் இருந்தது இரண்டு நிமிஷம். "ஒரு நாள் பிந்தினாலும் பிந்தினதுதான்" என்றார். நான் எழும்பும்போது அவர் சும்மா கேட்பது போலக் கேட்டார். "உங்களுக்குப் பிறகு பிறந்த ஆரும் இருக்கா?"

தங்கச்சி.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு வந்தது சந்தோஷம் என்று பொய் சொல்ல மாட்டேன். எரிச்சல்தான் வந்தது. நான் அலைந்தேன், அவளுக்குக் கிடைக்கப் போகிறது. ஆனாலும் சிலாபம் தாண்டும்போது மனம் கொஞ்சம் ஆறிவிட்டது. யாருக்காவது கிடைத்தால் சரி, அந்த மனிதரிடமிருந்து இந்தக் குடும்பத்துக்கு ஏதாவது ஒன்று வந்தால் சரி என்று நினைத்தேன்.

தங்கச்சி கரைத்தீவுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். மாப்பிள்ளைக்கு இறால் பண்ணையில் வேலை. ஒரு மகள், அப்போது மூன்று வயது. அவளுக்குரிய படிவத்தை நானே முழுக்க நிரப்பினேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. கொண்டுபோய்க் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் அப்பியாசக் கொப்பிகளைத் திருத்துவதை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்டாள்.

"எனக்குக் கிடைச்சா என்ட மகளுக்கும் கிடைக்குமா நானா?"

இதை அவள் கேட்கக்கூடாது என்று நான் வழியெல்லாம் துஆ கேட்டுக்கொண்டு வந்தேன். "இல்ல. வெளியில பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் வழியால வந்தா அந்தப் பிள்ளையோட நிண்டிடும். அதுக்குப் பிறகு இறங்காது."

"அவருக்கு?"

"மாப்பிள்ளைக்கு விசா எடுக்கணும். அது வேற கதை."

"அப்ப நான் மட்டும் லண்டன்காரி. இவங்க ரெண்டு பேரும் இங்க." சிரித்தாள். "வாப்பா செய்த அதே வேலைய என்னையும் செய்யச் சொல்றீங்களா நானா?"

"ஆரும் உன்னைப் போகச் சொல்லல்ல. எடுத்து வை. நாளைக்கு இங்க என்னவும் நடந்தா?"

"நடந்தா? மகளை விட்டிட்டு நான் பிளேன் ஏறுவனா?"

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் எனக்கு அடங்காத கோபத்தைத் தந்தது. எழும்பி நின்று சொல்லக்கூடாததைச் சொன்னேன். "எனக்குக் கிடைச்சிருந்தா தெரியும் அதின்ட அருமை. சும்மா கிடைச்சவளுக்கு எங்க தெரியப் போகுது." அவளுடைய மகள் பயந்து அழத் தொடங்கினாள். படிவத்தை மேசையில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு பல மாதம் நாங்கள் இருவரும் பெருநாள் ஸலாம் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை.

உம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கேட்காமலே வந்து பக்கத்தில் இருந்தாள்.

"அந்தப் பாஸ்போர்ட் கிடைச்ச நேரம் அவர் கடிதம் போட்டவர்" என்றாள். "அண்டைக்குத்தான் நீ முதல்முதல் தனியா உக்காந்தாய். நான் உன்னைப் பாயில உக்கார வச்சிட்டுக் கடிதத்தை வாசிச்சன்."

கையில் எடுத்த சோற்றைத் திரும்பப் போட்டேன். "அப்ப உங்களுக்குத் தெரியும். நான் பிறந்த பிறகுதான் எண்டு."

"தெரியும்."

"ஏன் உம்மா சொல்லல்ல? ஒரு வருஷம்! நாய் மாதிரி அலைஞ்சன்!"

"நீ கேக்கல்ல. நீ கேட்டது கலியாணக் கடதாசிய."

"நீங்கதானே கதையெடுக்க வேணாமெண்டு சொன்னீங்க!"

"சொன்னன்தான்" என்றாள். அவ்வளவுதான். அவள் அந்த விதியை அறியமாட்டாள், எந்த மாதம் என்பதில் இத்தனை காரியம் தொங்குகிறது என்று அவளுக்கு யார் சொன்னது? குற்றம் சொல்ல ஆளில்லாமல் நான் கையைக் கழுவிவிட்டு வெளியே போனேன்.

இரண்டு கிழமை கழித்து உம்மா கடைக்கு வந்தாள். அவள் கடைக்கு வருவதே இல்லை. வெள்ளை உடுப்பு உடுத்து, முந்தானையைத் தலையில் நன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டு, மற்ற வாடிக்கையாளர்களைப் போலக் கதிரையில் இருந்து முறை வரும்வரை காத்திருந்தாள்.

"என்ன உம்மா?"

"அந்தச் சாட்சிக் கடதாசி உன்னட்டத்தானே இருக்கு. உச்சமுனைக்காரர் கையெழுத்துப் போட்டது."

"ஓம். இனி அதால என்ன பிரயோசனம்?"

"கலியாணம் நடந்ததுக்கு இப்ப ஒரு கடதாசி இருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "அப்ப அதை முறிக்கலாம்தானே மகன்."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் பொறுமையாக விளக்கினாள். கைவிட்டுப் போன புருஷனிடமிருந்து மனைவி கேட்டு வாங்குகிற விவாகரத்துக்கு, பஸஹுக்கு, கலியாண வழக்குப் பார்க்கிற காதியாரிடம் போகலாம் என்று அவளுக்குப் பல வருஷமாகத் தெரியும். கொட்டிலில் இருந்த காலத்திலேயே ஒரு தடவை விசாரித்திருக்கிறாள். கலியாணப் பதிவு எங்கே என்று கேட்டார்களாம். அலுமாரிக்குள் என்று சொல்ல வெட்கப்பட்டுத் திரும்பி வந்துவிட்டாளாம்.

"இவ்வளவு காலத்துக்குப் பிறகு என்னத்துக்கு உம்மா?"

"நீ என்னத்துக்கு அந்தப் பாஸ்போர்ட்டைக் கேட்டாய்?" என்றாள். "எனக்கும் ஒரு கடதாசி வேணும். நான் ஆரு எண்டு எழுதினது."

அந்த விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். ஆயிரம் படிவம் நிரப்பியிருக்கிறேன், அதைப்போல ஒன்றை நிரப்பியதில்லை. 'கணவன் கடைசியாக மனைவியோடு வாழ்ந்த காலம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பதினொரு நாள்' என்று எழுதினேன். பராமரிப்புச் செலவு கடைசியாக எப்போது தந்தார் என்று கேட்டதற்கு உம்மா ஒரு கணமும் யோசிக்காமல் மாதத்தையும் கிழமையையும் சொன்னாள்.

காதியாரிடமிருந்து வாப்பாவின் லண்டன் முகவரிக்கு அறிவித்தல் போனது. இந்தத் தடவை கோல் அவரிடமிருந்து வந்தது. அவராக எனக்கு எடுத்த முதல் கோல்.

"நீதானே இந்த வேலையப் பார்த்தது? பாஸ்போர்ட் கிடைக்கல்ல எண்ட கோபத்துல?"

"உம்மா கேட்டா. எழுதினது நான்தான்."

"இருவது வருஷமா நான் தலாக் சொல்லாம வச்சிருந்தனே, அது அவவுக்குப் பெரிசாத் தெரியல்லையா?"

சத்தியமாக அவர் அதை ஒரு உபகாரமாகத்தான் நினைத்திருந்தார். "வந்து காதியார்ட்ட சொல்லுங்க வாப்பா" என்றேன். அவர் வரவில்லை, எழுதவும் இல்லை.

சாட்சிக்கு ஆள் வேண்டியிருந்தது. உம்மா போய்க் கேட்டது மாமியிடம். எனக்குத் தெரிந்திருந்தால் தடுத்திருப்பேன். தம்பி மீது உயிரை வைத்திருக்கிற அந்த மனுஷி எப்படி வருவார்? வந்தார். காதியாரும் அவரோடு வழக்குக் கேட்கிற மூன்று பேரும் இருந்த அந்தச் சின்ன அறையில், பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு, "என்ட தம்பி இவவைப் பார்க்கல்ல, பிள்ளைகளைப் பார்க்கல்ல. நான் பக்கத்துல இருந்து கண்டன்" என்று சொன்னார். சொல்லும்போது உம்மாவைப் பார்க்கவில்லை, காதியாரைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தார். அடுத்த தவணையில் பஸஹ் கிடைத்தது. வெளியே வந்ததும் உம்மாவும் மாமியும் முச்சக்கர வண்டிக்குப் போகிற வழியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நான் பின்னால் கோப்போடு போனேன்.

உம்மாவுக்குக் காரியம் முடிந்துவிட்டது. அன்றைக்குப் பிறகு வாப்பாவின் பெயரை அவளே சாதாரணமாகச் சொல்லத் தொடங்கினாள், பழைய பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வது போல. எனக்கு அப்படி முடியவில்லை. இப்போதும் தகப்பன் வழியில் விண்ணப்பிக்கிற யாராவது கடைக்கு வந்தால் முதலில் திகதியைத்தான் கேட்கிறேன். சரியாக இருந்தால் சந்தோஷப்படுவதில்லை. பிழையாக இருந்தால், வெட்கமாக இருக்கிறது சொல்ல, ஏதோ ஒரு ஆறுதல். அப்படிப்பட்டவனாக நான் முந்தி இருக்கவில்லை.

தங்கச்சியோடு இப்போது கதைக்கிறேன். உம்மாவுக்குச் சுகமில்லாமல் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் மாறி மாறி நின்றதில் அது தானாகச் சரியாகிவிட்டது. அன்று நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க நானா" என்றாள். அந்தப் படிவத்தைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை. அவள் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் கிழித்து எறியவும் இல்லை என்று மச்சான் ஒருநாள் வாய்தவறிச் சொன்னார், மகளின் தடுப்பூசி அட்டையோடு ஒரு கோப்பில் வைத்திருக்கிறாளாம். இதற்கிடையில் அந்தப் படிவம் இரண்டு தடவை மாறிவிட்டது. அவள் வைத்திருப்பதில் இனிக் கையெழுத்துப் போட்டாலும் எடுக்க மாட்டார்கள், புதிதாக நிரப்ப வேண்டும். நான் அதை இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை.